ஒரு மில்லிங் மெஷினுக்கு எத்தனை லைப்ரரி வேண்டும்?

வார்ப்பிரும்பில் செய்த ஒரு மில்லிங் மெஷினுக்கு ஆயுள் எவ்வளவு என்று கேட்டால் பட்டறைக்காரர்கள் சிரிப்பார்கள். பேரிங்கை மாற்றி, ஸ்க்ரூவை மாற்றி, பெட்டைச் சுரண்டிச் சமன் செய்துவிட்டால் முப்பது வருஷத்து மெஷின் இன்னும் இருபது வருஷம் உழைக்கும். பக்கத்தில் நிற்கிற சி.என்.சி. கன்ட்ரோலர் பெட்டிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. உள்ளே ஒரு போர்டு போனால் உதிரி கிடைக்காது. கிடைத்தாலும் யானை விலை சொல்வார்கள். உடம்பு கல்லுக்குண்டு மாதிரி நிற்கும், மூளை மட்டும் செத்துப்போயிருக்கும். இப்படிப்பட்ட மெஷின்களுக்குப் புது மூளை வைக்க உலகம் முழுக்கப் பலர் தேடிப்போகிற மென்பொருள் லினக்ஸ்சிஎன்சி. காசு கிடையாது, மூலநிரல் திறந்தே கிடக்கிறது, ஒரு பழைய பி.சி. போதும்.

அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் மூலநிரலை இறக்கிக் கம்பைல் செய்ய உட்கார்ந்தவருக்கு முதல் நாளே புரிந்துவிடும். மெஷினில் ஒரு சுருள் இரும்பு விழுவதற்கு முன்னால் டெர்மினலில் 'இது இல்லை', 'அது இல்லை' என்று பத்துப் பன்னிரண்டு 'இல்லை' விழும். டிபெண்டென்சி என்று இதற்குப் பெயர். தமிழில் சார்பு என்று எழுதுகிறார்கள், நல்ல சொல்தான். ஒரு நிரல் இன்னொரு நிரலைச் சார்ந்திருக்கிறது, அது மூன்றாவதைச் சார்ந்திருக்கிறது, மூன்றாவது போன வருஷமே டிஸ்ட்ரிபியூஷனிலிருந்து கழற்றி விடப்பட்டிருக்கிறது!

எந்த மென்பொருளிலும் இந்தத் தொல்லை உண்டே, லினக்ஸ்சிஎன்சியில் மட்டும் என்ன விசேஷம் என்று கேட்கலாம். படம் பார்க்கிற பிளேயரில் ஒரு லைப்ரரி தப்பாகச் சேர்ந்துவிட்டால் படம் நின்றுபோகும், அவ்வளவுதான். இங்கே மறுமுனையில் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றுகிற கட்டர் இருக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு போகிற மோட்டார் இருக்கிறது. பக்கத்தில் மனிதனின் கையும் இருக்கிறது. ஆகவே 'எப்படியாவது கம்பைல் ஆனால் போதும்' என்ற மனோபாவத்தை இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் அடக்கிவைப்பது நல்லது.

கொஞ்சம் பூர்வீகம் பார்த்துவிடுவோம், பிறகு வருகிற சிக்கல்கள் பாதி அதிலிருந்தே புரியும். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 1990களின் தொடக்கத்தில் 'என்ஹான்ஸ்டு மெஷின் கன்ட்ரோலர்', சுருக்கமாக இ.எம்.சி., என்று ஒன்றை உருவாக்கியது. ஒவ்வொரு கம்பெனியும் தன் கன்ட்ரோலரைப் பூட்டி வைத்திருந்த காலத்தில், எவரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு மாதிரி வேண்டும் என்பது நோக்கம். அமெரிக்க அரசு ஊழியர் வேலையாகச் செய்த நிரலுக்கு அங்கே காப்புரிமை கிடையாது என்பதால் அது பொதுச் சொத்தாகவே வெளிவந்தது. அப்புறம் தன்னார்வலர்கள் கைக்கு மாறி, ஏறக்குறைய முழுக்கத் திரும்ப எழுதப்பட்டு, இ.எம்.சி. 2 ஆனது. அதே மூன்று எழுத்தைப் பெயராக வைத்திருந்த, தகவல் சேமிப்புக் கருவிகள் விற்கிற ஒரு பெரிய நிறுவனம் பெயருரிமை பற்றிக் கேள்வி எழுப்ப, 2011இல் லினக்ஸ்சிஎன்சி என்று பெயர் மாறியது. மூலநிரலுக்குள் போய்ப் பார்த்தால் இன்றும் ஒரு டைரக்டரியின் பெயர் 'இஎம்சி'தான். முப்பது வருஷத்தில் எத்தனையோ பேர் கைபட்ட நிரல். ஒவ்வொருவரும் தன் காலத்தில் எது சௌகரியமோ அந்த லைப்ரரியைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். சீதனமாக வந்த பாத்திரம் மாதிரி எதையும் வெளியே போட முடியவில்லை.

அதனால் பட்டியல் நீளம். திரையில் தெரிகிற ஆக்சிஸ் என்ற முகப்பு, பைத்தானில் எழுதி டிசிஎல்/டிகே வழியாக ஜன்னல் வரைகிறது, ஓபன்ஜிஎல் வழியாக டூல் போகும் பாதையைக் காட்டுகிறது. வேறு முகப்புகள் சில ஜிடிகேயைக் கேட்கும், சில க்யூட்டியைக் கேட்கும். ஸ்பிண்டில் டிரைவோடு பேச மோட்பஸ் லைப்ரரி, யு.எஸ்.பி. கைச்சக்கரத்துக்கு யு.எஸ்.பி. லைப்ரரி. ஜி-கோடைப் படிக்கிற பகுதி சி++. ஆனால் ஒருவர் தன் மெஷினின் டூல் மாற்றும் முறையைத் தானே பைத்தானில் எழுதிச் செருக வசதி வைத்திருப்பதால், சி++ஐயும் பைத்தானையும் இணைக்கிற பூஸ்ட்-பைத்தானும் கட்டாயம் வேண்டும்.

இப்போது வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். ஒருவர் 'ஆட்டோஜென்', 'கன்ஃபிகர்' என்று வரிசையாக ஓட்டுகிறார். கன்ஃபிகர் ஒரு பிழையைச் சொல்லி நிற்கிறது. அந்த வரியை அப்படியே நகலெடுத்துத் தேடுகிறார். ஏதோ ஒரு பேக்கேஜ் பெயர் கிடைக்கிறது, போடுகிறார். திரும்ப கன்ஃபிகர். அடுத்த பிழை. கன்ஃபிகர் ஸ்கிரிப்டின் குணமே அதுதான், ஒரு நேரத்தில் ஒரு குறைதான் சொல்லும். மாமியார்கூட மொத்தமாகச் சொல்லித் தீர்த்துவிடுவார். :)

இதில் முதல் தடுமாற்றம், லைப்ரரி இருக்கிறதே, ஏன் இல்லை என்கிறது என்பது. இருப்பது ஓடுவதற்கான லைப்ரரி. கம்பைல் செய்ய வேண்டுமானால் அதன் ஹெட்டர் கோப்புகள் வேண்டும். டெபியன், உபுண்டு வகையறாக்களில் அவை தனியாக, பெயரின் கடைசியில் 'டெவ்' என்று போட்ட பேக்கேஜில் வரும். சாப்பாடு சாப்பிட இலை போதும், சமைக்க அடுப்பும் அண்டாவும் வேண்டும் என்கிற வித்தியாசம். லினக்ஸ்சிஎன்சியையே பேக்கேஜாக நிறுவியவர்களுக்கும் இது பொருந்தும். நிறுவி, மெஷின் ஓடி, எல்லாம் சரியாக இருக்கும். ஒருநாள் சின்னதாக ஒரு ஹால் காம்பொனென்ட் எழுதி 'ஹால்கம்பைல்' செய்யப் போனால் முடியாது. லினக்ஸ்சிஎன்சிக்கும் தனியாக ஒரு டெவ் பேக்கேஜ் உண்டு, அதைப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஒவ்வொன்றாகத் தேடிப் போடுவதைவிட உருப்படியான வழி அந்த மூலநிரலுக்குள்ளேயே இருக்கிறது. 'டெபியன்' என்ற டைரக்டரிக்குள், இந்த நிரலைக் கட்ட என்னென்ன வேண்டும் என்ற முழுப்பட்டியலை எழுதியவர்களே பராமரிக்கிறார்கள். ஆனால் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. புதிதாக இறக்கிய மூலநிரலில் 'கன்ட்ரோல்' என்ற அந்தக் கோப்பே இருக்காது, அதன் அச்சு மட்டும்தான் இருக்கும். 'டெபியன்/கன்ஃபிகர்' என்ற ஸ்கிரிப்டை முதலில் ஓட்டினால்தான், இந்த கம்ப்யூட்டரில் எந்த டிஸ்ட்ரிபியூஷன், எந்தப் பதிப்பு என்று பார்த்து, அதற்கேற்ற பெயர்களோடு கன்ட்ரோல் கோப்பு உருவாகும். (மேலே சொன்ன கன்ஃபிகர் வேறு, இது வேறு. ஒரே பெயரை இரண்டு இடத்தில் வைத்தவர்களைத் திட்டலாம், தப்பில்லை.) இதைச் செய்யாமல் நேராக அடுத்த படிக்குப் போனவர்கள்தான் 'கமாண்ட் வேலை செய்யவில்லை' என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

கன்ட்ரோல் கோப்பு வந்தபின் 'டிபிகேஜி-செக்பில்ட்டெப்ஸ்' என்று கொடுத்தால் குறைகிற எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பட்டியல் போடும். 'ஆப்ட்-கெட் பில்ட்-டெப்' என்று எழுதி, ஒரு இடம் விட்டு ஒரு புள்ளி வைத்தால், அந்தப் பட்டியலையே மொத்தமாக நிறுவிவிடும். பன்னிரண்டு தேடல், ஒரு சாயங்காலம், எல்லாம் இரண்டு வரியில் முடிந்தது. இன்னொரு விஷயம்: பட்டியலில் கணிசமானவை கையேடுகளை பி.டி.எஃப். ஆக்குவதற்கு மட்டும் வேண்டியவை. டெக் முழுக்குடும்பமும் அதில் வரும், நூற்றுக்கணக்கான மெகாபைட். மெஷின் ஓட்ட அது தேவையே இல்லை, ஆவணங்கள் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடலாம். கையேட்டை வேறு கம்ப்யூட்டரில் படித்துக்கொள்ளலாம்.

இவ்வளவுதானா என்றால், பட்டியலில் உள்ள பேக்கேஜ் டிஸ்ட்ரிபியூஷனிலேயே இல்லாமல் போனால் என்ன செய்வது என்ற கேள்வி இருக்கிறது. பைத்தான் விஷயத்தில் அதுதான் நடந்தது. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது. அதே 2020இல் வெளிவந்த லினக்ஸ்சிஎன்சி 2.8 பைத்தான் 2ஐத்தான் நம்பியிருந்தது. 2021 ஆகஸ்டில் டெபியன் 11 வந்தபோது பைத்தான் 2ஐச் சார்ந்த பெரும்பாலான பேக்கேஜ்கள் வெளியே போய்விட்டன. பழைய ஜிடிகேயைப் பைத்தானோடு சேர்க்கிற பைஜிடிகேயும் போனது. புது கம்ப்யூட்டர் வாங்கிப் புது டெபியன் போட்டவருக்கு 2.8 கட்டவே வராது. பைத்தான் 3க்கு மாறிய 2.9 அதிகாரபூர்வமாக வந்தது 2023இல். நடுவில் இருந்த காலத்தில் ஒருவர் பழைய டெபியன் 10ஐப் போட வேண்டும், இல்லையென்றால் இன்னும் முடியாத வளர்ச்சிக் கிளையைக் கட்ட வேண்டும். பத்து லட்சம் பேர் பயன்படுத்துகிற இணையதளத்தை மாற்றுவதற்கு ஒரு கம்பெனி ஆள் வைக்கும். இங்கே சாயங்கால நேரத்தில் தன்னார்வமாக உட்காருகிற சிலர்தான், முகப்பு முகப்பாக, ஸ்கிரிப்ட் ஸ்கிரிப்டாக மாற்றினார்கள். தாமதம் என்று குறை சொல்வது எளிது, ஆனால் குறை சொல்ல மனசு வரவில்லை.

பூஸ்ட்-பைத்தான் இந்தக் கதையின் தனி அத்தியாயம். அது எந்தப் பைத்தானுக்காகக் கட்டப்பட்டதோ அந்தப் பைத்தானோடுதான் சேரும், 3.9க்குக் கட்டியது 3.11க்கு ஆகாது. போதாக்குறைக்கு அந்த லைப்ரரி கோப்பின் பெயரிலேயே பைத்தான் பதிப்பின் எண் ஒட்டிக்கொள்கிறது. அந்த எண்ணை ஒட்டுகிற விதமும் டிஸ்ட்ரிபியூஷனுக்கு டிஸ்ட்ரிபியூஷன், வருஷத்துக்கு வருஷம் மாறிவந்தது. கன்ஃபிகர் பாவம், பல பெயர்களை ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்க்கும், எதுவும் பொருந்தாவிட்டால் பூஸ்ட்-பைத்தான் இல்லை என்று சொல்லிவிடும். இங்கேதான் அந்தப் புகழ்பெற்ற குறுக்குவழி அரங்கேறும். இருக்கிற வேறு பதிப்புக் கோப்புக்கு, கேட்கிற பெயரில் ஒரு சிம்லிங்க் போடுவது! கன்ஃபிகர் ஏமாந்துவிடும். சில சமயம் கம்பைலும் முடிந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கிற அமைப்பு வேறு, பெயர்ப்பலகை வேறு. எங்கே போய் முட்டும் என்று யாருக்கும் தெரியாது. தொடங்கும்போதே நிரல் விழுந்துவிட்டால் அதிர்ஷ்டம். பாதி வேலையில் டூல் மாற்றும் ஸ்கிரிப்டைக் கூப்பிடும்போது விழுந்தால்?

இதற்குத் தம்பி மாதிரியான குறுக்குவழிகள் இன்னும் இரண்டு. ஒன்று, வேறு பதிப்பின் களஞ்சியத்தை ஆப்ட்டின் மூலப்பட்டியலில் சேர்த்து ஒரே ஒரு பேக்கேஜை மட்டும் இழுப்பது. ஒன்று என்று போனவர் சி லைப்ரரி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து நிற்பார். டெபியன்காரர்களே இதற்கு 'ஃபிராங்கன்டெபியன்' என்று பேய்ப்படப் பெயர் வைத்திருக்கிறார்கள். மற்றது, சூடோ போட்டு 'பிப்' மூலம் சிஸ்டம் பைத்தானுக்குள் எதையாவது தள்ளுவது. டெபியன் 12இலிருந்து பிப்பே இதை மறுத்துவிடுகிறது. மறுப்பை மீறவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறவர்களை யாரும் தடுக்க முடியாது.

இதுவரை சொன்னது தொழில்நுட்பச் சிக்கல். அடுத்தது, கம்ப்யூட்டர் படிப்பில் யாரும் சொல்லித்தராத வகை. ஹால் பகுதியோடு டெர்மினலில் பேசுவதற்கு 'ஹால்சிஎம்டி' என்று ஒரு கருவி இருக்கிறது. அதில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் முன்பு அடித்த வரி திரும்ப வருகிற சின்ன சௌகரியத்துக்காக ரீட்லைன் என்ற லைப்ரரியைச் சேர்த்தார்கள். 2009இல் ரீட்லைன் 6ஆம் பதிப்பு ஜி.பி.எல். 3 உரிமத்துக்கு மாறியது. லினக்ஸ்சிஎன்சிக்குள்ளோ ஜி.பி.எல். 2 மட்டும்தான், பின்வரும் பதிப்புகள் ஆகாது என்று சொல்லும் நிரல்பகுதிகள் இருக்கின்றன. இரண்டும் கட்டற்ற மென்பொருள், இரண்டையும் எழுதியவர்கள் ஒரே சுதந்திரத்தைத்தான் பேசுகிறார்கள், ஆனால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய நிரலைப் பிறருக்குக் கொடுக்க உரிமம் இடம் தராது. பங்காளிச் சண்டை!

ஆகவே கன்ஃபிகர் புது ரீட்லைனைப் பார்த்ததும் நின்றுவிடும். லைப்ரரி இல்லை என்பதல்ல பிழை. லைப்ரரி இருக்கிறது, சட்டப்படி சேராது என்பது பிழை. முதல்முறை பார்க்கிறவர் இதைப் படிக்காமலே இன்னொரு ரீட்லைன் பேக்கேஜைத் தேடிப் போவார். விடை இரண்டு. தன் பட்டறைக்கு மட்டும் கட்டிக்கொள்கிறவர், 'பிறருக்குத் தரமாட்டேன்' என்று பொருள்படும் ஒரு விருப்பத்தை கன்ஃபிகரில் 'யெஸ்' என்று கொடுத்துவிட்டுப் போகலாம். நண்பருக்கோ வாடிக்கையாளருக்கோ பேக்கேஜாகக் கொடுக்க நினைப்பவர் அதைச் செய்யக்கூடாது; பி.எஸ்.டி. உரிமத்தில் வருகிற எடிட்லைனைப் பயன்படுத்த வேண்டும். டெபியனில் ஜி.பி.எல். 2 காலத்து ரீட்லைனைத் தனியாக ஒரு பேக்கேஜாக வெகுகாலம் வைத்திருந்து பிறகு எடுத்துவிட்டார்கள், அதற்குப்பின் எடிட்லைன்தான் கை கொடுக்கிறது. ஒரு மேல் அம்புக்குறிக்கு இவ்வளவு வழக்கா என்று தோன்றும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எவ்வளவோ நிரல்கள் இந்த மாதிரி முரண்பாட்டைக் கண்டும் காணாமல் கட்டிக்கொண்டு போகின்றன. இங்கே கன்ஃபிகரையே வாசலில் உட்கார்ந்து கேட்கும்படி எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பிழைச்செய்தி எரிச்சலைத் தந்தாலும் நாணயமான செய்தி.

எல்லா 'இல்லை'களும் தீர்ந்து 'மேக்' முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு எழுத்து ஒன்றும் இல்லை. முகப்பு திறக்கிறது. உண்மையில் பயப்பட வேண்டிய டிபெண்டென்சி இதற்கு அப்புறம்தான் இருக்கிறது, காரணம் அது பிழையாகக் காட்டிக்கொள்வது குறைவு.

லினக்ஸ்சிஎன்சி சாதாரண நிரல் அல்ல, நேரத்துக்குக் கட்டுப்பட்ட நிரல். ஆயிரத்தில் ஒரு விநாடிக்கு ஒருமுறை அது ஒவ்வொரு அச்சும் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. பேரலல் போர்ட் வழியாக ஸ்டெப்பர் மோட்டாருக்குத் துடிப்பு அனுப்புகிற அமைப்பாக இருந்தால், சில பத்து மைக்ரோவிநாடிகளுக்கு ஒருமுறை ஓட வேண்டிய இன்னொரு இழையும் உண்டு. ஒரு கணக்கு: ஒரு ஸ்டெப்புக்கு 0.005 மி.மீ. நகரும் மெஷின், விநாடிக்கு 25 மி.மீ. வேகத்தில் போகிறது. அப்படியானால் விநாடிக்கு 5000 துடிப்பு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 200 மைக்ரோவிநாடி. கெர்னல் வேறு ஏதோ வேலையாக 100 மைக்ரோவிநாடி தாமதித்தால் இடைவெளியில் பாதி போய்விட்டது. ஸ்டெப்பர் மோட்டார் அந்தத் தடுமாற்றத்தில் ஒரு ஸ்டெப்பைத் தவறவிடும், அல்லது கிர்ரென்று நின்றுவிடும். என்கோடர் இல்லாத மெஷினில் தவறிய ஸ்டெப்பைக் கண்டுபிடிக்க ஆளே கிடையாது. திரையில் எண்கள் சரியாக ஓடிக்கொண்டிருக்கும், வேலைத்துண்டு மட்டும் குப்பைக்குப் போகும்.

ஆகவே கெர்னலே ஒரு டிபெண்டென்சி. ஒரு காலத்தில் இது மிகவும் இறுக்கமாக இருந்தது. உபுண்டு 10.04ஐ அடிப்படையாகக் கொண்டு வந்த பழைய சி.டி.யில் ஆர்.டி.ஏ.ஐ. ஒட்டுப்போட்ட 2.6.32 கெர்னல் இருக்கும், லினக்ஸ்சிஎன்சியின் நிகழ்நேரப் பகுதிகள் அந்தக் கெர்னலுக்கென்றே கட்டிய மாட்யூல்கள். வேறு கெர்னலில் பூட் ஆகிவிட்டால் அவை ஏறாது, முரட்டுத்தனமாக மறுத்துவிடும். தொல்லைதான், ஆனால் வெளிப்படையான தொல்லை. பிறகு 'யுஸ்பேஸ்' என்ற முறை வந்தது. கன்ஃபிகரில் அதைச் சொல்லிவிட்டால் எந்தக் கெர்னலிலும் கம்பைல் ஆகும். நிகழ்நேரம் வேண்டுமானால் ப்ரிஎம்ப்ட்-ஆர்.டி. கெர்னலில் ஓட்டிக்கொள்ளலாம். இரண்டு பதாண்டு காலம் வெளி ஒட்டாகவே இருந்த ப்ரிஎம்ப்ட்-ஆர்.டி., 2024இல் 6.12 பதிப்போடு லினக்ஸின் மூலக் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. பெரிய நிம்மதி.

ஆனால் 'எந்தக் கெர்னலிலும் ஓடும்' என்பதற்குள் ஒரு குழி இருக்கிறது. சாதாரணக் கெர்னலிலும் முகப்பு திறக்கும், சிமுலேஷன் அழகாக ஓடும், மெஷின் பூட்டினால்கூட ஏதோ நகரும். தானே கட்டி அதே டைரக்டரியிலிருந்து ஓட்டுகிறவர்கள் 'மேக்' முடிந்தபின் சூடோவோடு 'மேக் செட்யுஐடி' என்று இன்னொரு வரி அடிக்க வேண்டும். நிகழ்நேர நிரலுக்கு ரூட் அதிகாரம் தருவது அந்த வரிதான். அதை மறந்தால் கம்பைல் குறையே இல்லாமல் முடிந்திருக்கும், ஆனால் நிகழ்நேரமும் கிடைக்காது, போர்ட்டைத் தொடவும் முடியாது. தொடங்கும்போது டெர்மினலில் ஓடுகிற ஒன்றிரண்டு வரி இதைச் சொல்லும். ஐகானைச் சொடுக்கித் திறக்கிறவர் டெர்மினலைப் பார்ப்பதில்லை.

இதற்கு இருக்கிற ஒரே நம்பகமான சோதனை 'லேட்டன்சி-டெஸ்ட்'. அதை ஓடவிட்டு, கம்ப்யூட்டரை முடிந்தவரை சித்திரவதை செய்ய வேண்டும்: பெரிய கோப்புகளை நகலெடுப்பது, ஜன்னல்களை இழுத்தாட்டுவது, ஓபன்ஜிஎல் பல்சக்கரங்களைச் சுற்றவிடுவது. ஐந்து நிமிஷம் போதாது, மணிக்கணக்கில் ஓட வேண்டும். அதிகபட்சத் தாமதம் 15-20 மைக்ரோவிநாடிக்குள் இருந்தால் மென்பொருளிலேயே துடிப்பு உருவாக்க அருமையான கம்ப்யூட்டர். 30-50 என்றால் பரவாயில்லை, வேகம் கொஞ்சம் குறையும். 100ஐத் தாண்டினால் அந்த வேலைக்கு ஆகாது. துடிப்பை உருவாக்கத் தனி எஃப்.பி.ஜி.ஏ. கார்டு வாங்கிப் போட வேண்டும். (புது மதர்போர்டுகளில் பேரலல் போர்ட்டே அருகிவிட்டதால் பலர் எப்படியும் அங்கேதான் போகிறார்கள்.) சராசரியைப் பார்க்கவே கூடாது. ஒரு இரவு முழுக்க 8 மைக்ரோவிநாடி, அதிகாலையில் ஒரே ஒருமுறை 400 என்று வந்தால் அந்த கம்ப்யூட்டரின் எண் 400தான்.

இவ்வளவு பாடுபட்டு ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் பட்டறைக்காரர் செய்வது என்ன? நெட் கம்பியைப் பிடுங்கிவிடுகிறார். அப்டேட் கிடையாது, மாற்றம் கிடையாது. 10.04 சி.டி.யில் போட்டது அப்படியே இருபது பதிப்பு தாண்டியும் ஓடும். படித்தவர்கள் இதைக் கேட்டால் பாதுகாப்பு, பராமரிப்பு என்று வகுப்பெடுப்பார்கள். ஆனால் ஓடுகிற மெஷினைப் பொறுத்தவரை பட்டறைக்காரர் பக்கம்தான் நியாயம் அதிகம். அந்த கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் அல்ல, மெஷினின் ஒரு உறுப்பு. கியர்பாக்ஸை யாரும் மாசாமாசம் அப்டேட் செய்வதில்லை.

ஹார்ட் டிஸ்க் சாகிற அன்றைக்குத்தான் கணக்கு மாறும். அதே பதிப்பைத் திரும்பக் கட்டலாம் என்று போனால், 10.04க்கான களஞ்சியம் வழக்கமான முகவரியில் இருக்காது, ஆப்ட் வரிசையாக 404 கொடுக்கும். கோப்புகள் அழிந்துபோகவில்லை, உபுண்டு தன் பழைய பதிப்புகளுக்கென்றே வைத்திருக்கிற களஞ்சியத்துக்கு அவை மாற்றப்பட்டிருக்கும். டெபியனுக்கும் அதேபோல ஆவணக் களஞ்சியம் உண்டு. மூலப்பட்டியலில் முகவரியை மாற்றினாலும், தேதி காலாவதி, கையொப்பச் சாவி காலாவதி என்று ஆப்ட் சில இடங்களில் முரண்டு பிடிக்கும், தேதியைப் பார்க்காதே என்று அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும். புதுப் பதிப்புக்குத் தாவலாம் என்றால், 2.8இலேயே ஜாயின்ட் வேறு, ஆக்சிஸ் வேறு என்று பிரித்துவிட்டதால் பழைய ஐ.என்.ஐ. கோப்பு அப்படியே ஓடாது. மாற்றித்தர ஒரு ஸ்கிரிப்ட் கூடவே வருகிறது, பெரும்பாலும் சரியாகவே மாற்றும், ஆனால் சரிபார்க்காமல் மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கக்கூடாது. அவரே எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட்கள் பைத்தான் 2 காலத்தவை, அவற்றை அவரேதான் மாற்ற வேண்டும்.

ஆகவே உறையவைப்பது என்றால் முழுசாக உறையவைக்க வேண்டும். வெறும் நெட் கம்பியைப் பிடுங்குவது பாதி வேலை. கட்டிய மூலநிரல் (எந்தக் கமிட் என்ற குறிப்போடு), நிறுவிய பேக்கேஜ்களின் டெப் கோப்புகள், ஐ.என்.ஐ., ஹால் கோப்புகள், முடிந்தால் டிஸ்க்கின் முழு நகல், இவ்வளவும் ஒரு பென் டிரைவில் மெஷினின் மின்பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும். மெஷினோடு வந்த வயரிங் வரைபடத்தைப் பெரியவர்கள் அங்கேதான் ஒட்டிவைப்பார்கள்.

2023இல் வந்த டெபியன் 12இலிருந்து லினக்ஸ்சிஎன்சி அதிகாரபூர்வக் களஞ்சியத்திலேயே இருக்கிறது. ஒரு வரி ஆப்ட் கமாண்டில் நிறுவலாம், நிகழ்நேரக் கெர்னலும் அதே களஞ்சியத்தில் கிடைக்கும். நிறைய பேருக்கு மேலே சொன்ன எதுவும் இனித் தேவைப்படாது. ஆனாலும் தன் கார்டுக்கு ஒரு திருத்தம் வேண்டும் என்பவரும், நேற்று சரிசெய்த பிழை இன்றே வேண்டும் என்பவரும் கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். டெபியனுக்குள் வந்ததில் அவர்களுக்கும் ஒரு லாபம் உண்டு. ஒரு லைப்ரரியின் பெயர் மாறினாலோ அது நீக்கப்படப்போகிறது என்றாலோ, இனிமேல் அந்தச் செய்தி ஏதோ ஒரு பட்டறையில் யாரோ ஒருவரின் டெர்மினலுக்கு முதலில் போகாது. டெபியனின் பேக்கேஜ் பராமரிப்பாளர்களுக்கு முதலில் போகும்.

கட்டி முடித்தவர் முதலில் திறக்க வேண்டியது சிமுலேஷன் கான்ஃபிகரேஷனைத்தான். ஆக்சிஸ் திறந்ததும் ஒரு மாதிரி ஜி-கோடு தானாகவே ஏறியிருக்கும், லினக்ஸ்சிஎன்சி என்ற பெயரையே எழுத்து எழுத்தாக வெட்டிக்காட்டுகிற நிரல். அதைத் திரையில் ஓட்டிப் பார்க்கலாம். பிறகு லேட்டன்சி-டெஸ்ட் ஒரு இரவு. அதன்பின் மெஷினைப் பூட்டி, கட்டரைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டிலைக் காற்றில் மேலே தூக்கி வைத்து, அதே எழுத்துகளை இன்னொருமுறை ஓட்டலாம். ஒரு கை எமர்ஜென்சி பட்டன் மேலேயே இருக்கட்டும்.